டன்ஃபெர்ம்லினில் வண்டியை நிறுத்துங்கள்: ஸ்காட்லாந்து ஒருநாள் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

எடின்பரோவிலிருந்து ஃபைஃப் வட்டாரத்துக்கு ஒருநாள் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கு,

கடந்த ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை நானும் என் அப்பா அம்மாவும் உங்கள் வண்டியில் வந்தோம். திரும்பியதும் எங்கள் குறைகளை எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து உங்கள் பதில் வந்தது. அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பதிலில் மூன்று விஷயம் இருந்தது. அடுத்த பருவத்திலிருந்து டன்ஃபெர்ம்லினில் வண்டி நிற்காது, அந்த நேரத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்த இடத்தைக் காட்டப் போகிறீர்கள். வழியில் பேசிக்கொண்டு வரும் வழிகாட்டிக்குப் பதிலாக, பதிவு செய்த குரலை ஹெட்போனில் கேட்க வைக்கப் போகிறீர்கள். மூன்றாவது, "வருகிறவர்களில் பெரும்பாலோர் வரலாற்றுக்காக வருவதில்லை" என்ற வரி. கூடவே அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிச் சீட்டு. அந்தச் சீட்டு எனக்கு வேண்டாம். அந்த வரிக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கோடையிலும் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து, "ஒரு நாள் எங்காவது கூட்டிப் போவோம்" என்று இந்தச் சுற்றுலாக்களில் சீட்டு எடுக்கிற தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கும் இது தெரிய வேண்டும். உங்கள் பெயரை எழுதவில்லை. நண்பர்களிடம் விசாரித்தவரை மற்றவர்கள் நடத்துவதும் பெரிதாக மாறுபடவில்லை.

அப்பா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 76. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி ஏற அம்மாவால் ஆகாது என்பதால்தான் வழிகாட்டியோடு போகும் வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் விளம்பரத்தில் "ஸ்காட்லாந்தின் வரலாற்று நகரங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஃபோர்த் பாலம், டன்ஃபெர்ம்லின் மடாலயம், ஃபாக்லண்ட் அரண்மனை, ஆன்ஸ்ட்ரதர் மீனவர் ஊர், அப்புறம் செயின்ட் ஆண்ட்ரூஸில் இரண்டு மணி நேரம். அப்பா அந்தப் பக்கத்தை என்னிடம் அச்செடுத்துத் தரச் சொல்லி, ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஒன்பது இருபத்தைந்துக்குக் கிளம்பியது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, யாரோ இரண்டு பேர் வழி தவறி வந்து சேர்ந்தார்கள். சவுத் குவீன்ஸ்ஃபெரியில் பாலத்தைப் பார்க்கப் பதினைந்து நிமிடம். 1890-இல் திறந்த ரயில் பாலம், இரண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவையும் உங்கள் வழிகாட்டி நன்றாகவே சொன்னார். அந்தப் பாலம் திறப்பதற்குப் பத்து வருடம் முன்னால், 1879 டிசம்பரில், டே ஆற்றுப் பாலம் புயலில் ரயிலோடு இடிந்து விழுந்தது என்பதையும், அதனால்தான் ஃபோர்த் பாலத்தை இவ்வளவு பருமனான எஃகுக் குழாய்களால் கட்டினார்கள் என்பதையும் சொல்லவில்லை. கட்டும்போது இறந்த தொழிலாளர்களின் பெயர் பொறித்த நினைவுச் சின்னம் அதே ஊரில் இருக்கிறது. அங்கே போகவும் இல்லை. பதினைந்து நிமிடத்தில் படம் எடுக்கத்தான் முடியும். சரி, பாலம் வண்டியிலிருந்தும் தெரியும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

டன்ஃபெர்ம்லினில் இருபது நிமிடம்.

இந்த ஊரைத்தான் நீங்கள் வழியிலிருந்தே எடுக்கப் போகிறீர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மாதா கோவில் கோபுரத்தின் உச்சியில், நாலு பக்கமும், கல்லையே எழுத்தாக வெட்டி "கிங் ராபர்ட் தி புரூஸ்" என்று வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியிலிருந்தே தெரிகிறது. அம்மாதான் முதலில் பார்த்தாள். "அது என்னடா, கோபுரத்துல பேர் எழுதியிருக்கு?" என்று கேட்டாள். எழுத்தும் கல்லுமாக நிற்கிற கோபுரம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பேரே கோபுரத்தின் கைப்பிடிச் சுவராக நிற்பதை அவள் பார்த்ததில்லை. உள்ளே, பிரசங்க மேடைக்குக் கீழே, 1314-இல் பானக்பர்னில் இங்கிலாந்துப் படையை வென்ற அந்த ராஜாவின் கல்லறை. 1329-இல் இறந்தவர். கல்லறை இருந்த இடமே மறந்துபோய், 1818-இல் புதுக் கோவில் கட்டத் தோண்டியபோதுதான் ஈயத் தகட்டில் சுற்றிய எலும்புக்கூடு கிடைத்தது. இதயம் மட்டும் இங்கே இல்லை. அவர் கேட்டுக்கொண்டபடி அதைப் புனிதப் போருக்கு எடுத்துப் போன தோழர் ஜேம்ஸ் டக்ளஸ் ஸ்பெயினில் இறந்துபோக, இதயம் திரும்பி வந்து மெல்ரோஸ் மடாலயத்தில் அடக்கமானது.

இந்தக் கதையில் பாதியைத்தான் உங்கள் வழிகாட்டியால் சொல்ல முடிந்தது. நேரம் ஆகிவிட்டது என்று கையைத் தட்டி எல்லாரையும் வண்டிக்கு அழைத்தார். பக்கத்துப் பழைய மடாலயத்தின் பெரிய தூண்களை, கோடும் வளைவுமாகச் செதுக்கிய பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தூண்களை, வாசலிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. நாலு தெரு தள்ளிக்கூட இல்லை, ஆண்ட்ரூ கார்னகி 1835-இல் பிறந்த நெசவாளர் வீடு. உலகம் முழுக்க 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்த மனிதர், தன் முதல் நூலகத்தை 1883-இல் இந்த ஊரில்தான் திறந்தார். சிறுவனாக இருந்தபோது அவர் குடும்பத்தாரை உள்ளே விடாத பிட்டன்கிரீஃப் தோட்டத்தை, பணக்காரரான பிறகு வாங்கி ஊருக்கே கொடுத்துவிட்டார். அந்தத் தோட்டத்தின் வாசல் மடாலயத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. என் அப்பா தன் பள்ளியில் ஒரு நூலகம் கொண்டுவர ஆறு வருடம் மனு எழுதினவர். கார்னகி வீட்டை அவருக்கு வெளியிலிருந்தாவது காட்டியிருக்கலாம். வண்டி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஃபாக்லண்டில் முப்பது நிமிடம். அதில் இருபது நிமிடம் தொலைக்காட்சித் தொடரில் வந்த நீரூற்றுக்கு முன்னால் நின்றோம். எந்தக் காட்சி எங்கே எடுத்தார்கள், கதாநாயகி எந்த ஜன்னலில் நின்றாள் என்று வழிகாட்டி படங்களைக் காட்டினார். அதை ஆசையாகக் கேட்டவர்களும் வண்டியில் இருந்தார்கள். அவர்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீரூற்றிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே அரண்மனை இருக்கிறது. 1539-இல் கட்டிய டென்னிஸ் ஆடுகளம் அதற்குள் இருக்கிறது, இன்றும் அதில் ஆடுகிறார்கள். உள்ளே போக நேரமும் இல்லை, நுழைவுச் சீட்டு கட்டணத்தில் சேர்த்தியும் இல்லை. "ஃபாக்லண்ட் அரண்மனை" என்று விளம்பரத்தில் போட்டது அதன் வெளிச்சுவரைத்தான் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது.

அந்த அரண்மனையில் 1542 டிசம்பர் 14 அன்று ஐந்தாம் ஜேம்ஸ் இறந்தார். அதற்கு ஆறு நாள் முன்னால்தான் லின்லித்கோவில் அவருக்கு மேரி என்ற பெண் குழந்தை பிறந்திருந்தது. செய்தி கேட்டு அவர், "ஒரு பெண்ணோடு வந்தது, ஒரு பெண்ணோடு போகும்" என்றாராம். வந்தது என்று அவர் சொன்ன பெண் யார்? காலையில் டன்ஃபெர்ம்லினில் நாங்கள் பார்த்த ராபர்ட் புரூஸின் மகள் மார்ஜரி. அவள் ஸ்டூவர்ட் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டதால்தான் ஸ்டூவர்ட்களுக்கு அரியணை கிடைத்தது. போகும் என்று அவர் பயந்த பெண்தான் ஸ்காட்லாந்து அரசி மேரி. அவளுடைய மகன் 1603-இல் இங்கிலாந்துக்கும் ராஜாவானார். அவருடைய மகன் முதலாம் சார்லஸ் பிறந்தது திரும்பவும் டன்ஃபெர்ம்லினில்தான், 1600-இல்.

இப்போது யோசித்துப் பாருங்கள். டன்ஃபெர்ம்லினை எடுத்துவிட்டால் ஃபாக்லண்டில் இறந்த ராஜா சொன்ன வார்த்தைக்குப் பாதி அர்த்தம் போய்விடுகிறது. இந்த ஊர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறவை. அந்தத் தொடர்பைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் பஸ்ஸில் போகாமல் உங்களிடம் வந்தோம்.

ஆன்ஸ்ட்ரதரில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் அங்கே பெயர் பெற்றது, நான் சாப்பிட்டேன். அப்பா அம்மா சைவம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தைத் துறைமுகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காற்று நன்றாக இருந்தது. அந்த ஒரு மணி நேரம்தான் அன்றைக்கு அம்மா அவசரமில்லாமல் இருந்த நேரம்.

அதற்கப்புறம் விளம்பரத்தில் இல்லாத ஒரு நிறுத்தம். நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பளித் துணியும் விஸ்கியும் விற்கும் கடை. நாற்பது நிமிடம். "கழிப்பறை வசதிக்காக" என்றார்கள். ஆன்ஸ்ட்ரதரில்தான் எல்லாரும் போய்விட்டு வந்திருந்தோம். அந்தக் கடையில் யாருக்கு என்ன கமிஷன் என்று எனக்குத் தெரியாது, நான் குற்றம் சாட்டவும் இல்லை. நாற்பது நிமிடம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது மட்டும் தெரியும். செயின்ட் ஆண்ட்ரூஸில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தீர்கள். இறங்கும்போது வழிகாட்டி சொன்னது ஐம்பது நிமிடம்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் எங்களுக்கு என்ன வேலை என்று முன்கூட்டியே எழுதியிருந்தேன். பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதம் என்னிடம் இருக்கிறது. "சவுத் ஸ்ட்ரீட்டில் மதராஸ் கல்லூரியின் பழைய கட்டடத்தை அப்பா பார்க்க வேண்டும். வண்டி அந்த வழியாகப் போக முடியுமா, அல்லது பக்கத்தில் இறக்கிவிட முடியுமா?" என்று கேட்டிருந்தேன். "வழிகாட்டியிடம் சொல்லிவிடுகிறோம்" என்று பதில் வந்தது.

அது என்ன கட்டடம் என்று உங்கள் மற்ற பயணிகளுக்கும் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆண்ட்ரூ பெல் 1753-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தவர். பாதிரியாராகி 1787-இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் கம்பெனிப் படைக்காரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஆசிரியர்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, பிள்ளைகளுக்கு எழுத்தே ஏறவில்லை. ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதே போலத் தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க உட்கார வைத்தார். அது பலித்தது. ஊருக்குத் திரும்பி 1797-இல் அதைப் பற்றி எழுதினார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது பரவியது. 1811-இல் இங்கிலாந்தில் தொடங்கிய நேஷனல் சொசைட்டி பள்ளிகள் அந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டன. சாகும் முன் பெல் தன் சொந்த ஊரில் பள்ளி கட்டப் பணம் எழுதி வைத்தார். 1833-இல் திறந்த அந்தப் பள்ளியின் பெயர் மதராஸ் கல்லூரி.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதை நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பெல் பிறப்பதற்கு முன்னாலிருந்தே செய்து வந்தார்கள். அந்தப் பெரிய பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். என் அப்பா ஐந்து வயதில் எங்கள் ஊர்த் திண்ணையில் மணலில் எழுதித்தான் அரிச்சுவடி படித்தார். அவர் விரலைப் பிடித்து எழுத வைத்த சட்டாம்பிள்ளையின் பெயரை இன்றும் சொல்வார். பெல் ஒரு மகான் என்று அப்பா நினைக்கவில்லை. சென்னையில் ஒரே சமயத்தில் பல படைப்பிரிவுகளின் பாதிரிப் பதவிகளை வைத்துக்கொண்டு அவர் நிறையப் பணம் சேர்த்தார் என்பதும் அப்பாவுக்குத் தெரியும். ஆனால் பெயர் தெரியாத நம் ஊர்த் திண்ணைப் பிள்ளைகளின் விரல் ஸ்காட்லாந்தில் ஒரு கட்டடமாக நிற்கிறது, அதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. வண்டியில் வழிகாட்டி கேட்டால் சொல்லலாம் என்று ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் தயார் செய்துகூட வைத்திருந்தார்.

வழிகாட்டிக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "மதராஸா? யாரோ இந்தியாவில் வியாபாரம் செய்து பணம் சம்பாதித்தவர் கட்டியது என்று நினைக்கிறேன்" என்றார். வண்டி கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் நின்றது. அங்கிருந்து சவுத் ஸ்ட்ரீட்டுக்கு நடந்து போக எனக்குப் பத்து நிமிடம், அம்மாவோடு இருபது நிமிடம். ஐம்பது நிமிடத்தில் ஊரின் மறு கோடியிலுள்ள மாதா கோவில் இடிபாடுகளையும் பார்க்க வேண்டும். அப்பா என் முகத்தைப் பார்த்தார். "அம்மா நடக்க மாட்டா. நாம சர்ச்சுக்கே போவோம்" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

மாதா கோவிலுக்கும் பாதி தூரம்தான் போக முடிந்தது. நார்த் ஸ்ட்ரீட்டில் பல்கலைக்கழகச் சிற்றாலயத்துக்கு முன்னால், தரைக்கல்லில் "பி.எச்." என்று பதித்த இடத்தில் நின்றோம். அந்த எழுத்தை மிதித்தால் மாணவர்கள் பரீட்சையில் தோற்றுப் போவார்கள் என்று வண்டியிலேயே வழிகாட்டி சொல்லியிருந்தார், எல்லாரும் சிரித்தோம். எழுத்து யாருடையது என்று சொல்லவில்லை. அது பேட்ரிக் ஹாமில்டன். 24 வயது இளைஞர். மதச் சீர்திருத்தக் கருத்துகளைப் பேசியதற்காக 1528 பிப்ரவரி 29 அன்று அதே இடத்தில் உயிரோடு எரிக்கப்பட்டார். நான் கைப்பேசியில் தேடிப் படித்துச் சொன்னேன். அம்மா காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கையைக் கூப்பி நின்றாள். ஒரு மனிதர் எரிந்த இடத்தைப் பரீட்சை வேடிக்கையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. வழிகாட்டி வேண்டுமென்று மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குச் சொல்ல நேரம் இல்லை, நீங்கள் கொடுக்கவில்லை.

அந்த வழிகாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நல்ல மனிதர். வண்டி ஓட்டுவதும் அவர்தான், மைக்கில் பேசுவதும் அவர்தான். நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே ராஜாக்களின் பெயரை நினைவிலிருந்து சொல்கிறார். ஊரில் இறங்கியதும் எங்களோடு நடந்து வர அவரால் முடியாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், அது நியாயமானதும்கூட. ஆக வழிகாட்டி தேவைப்படும் இடத்தில் வழிகாட்டி இல்லை. இதற்குத் தீர்வு இன்னொரு ஆளை வைப்பது. நீங்கள் இருக்கிற ஒருவரின் பேச்சையும் நிறுத்திவிட்டு ஒலிப்பதிவு போடப் போகிறீர்கள். ஒலிப்பதிவிடம் அம்மா "கோபுரத்துல ஏன் பேர் எழுதியிருக்கு?" என்று கேட்க முடியாது. அப்பா தன் நாலு வாக்கியத்தைச் சொல்ல முடியாது. தவறாகச் சொன்னால் திருத்தவும் முடியாது.

பெரும்பாலோர் வரலாற்றுக்காக வருவதில்லை என்கிறீர்களே, அன்று திரும்பும் வழியில் என்ன நடந்தது என்று வழிகாட்டியைக் கேளுங்கள். பின் இருக்கையிலிருந்த கனடாக்காரத் தம்பதி மாதா கோவிலுக்குள் போக நேரம் போதவில்லை என்று வருத்தப்பட்டார்கள். 1318-இல் புரூஸின் முன்னிலையில் அர்ச்சிக்கப்பட்ட கோவில், ஸ்காட்லாந்திலேயே மிகப் பெரியதாக இருந்தது, 1559-இல் சீர்திருத்தக் கலவரத்தில் சூறையாடப்பட்டு, பிறகு ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்து வீடு கட்டியதில் இன்று சில சுவர்களும் கோபுரங்களும்தான் மிச்சம். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தோம் என்றார் அந்த அம்மா. ஒரு கல்லூரிப் பையன் டன்ஃபெர்ம்லினுக்குத் தனியாகத் திரும்பிப் போகப் போவதாகச் சொன்னான். தொடர் பார்த்துவிட்டு வந்த இரண்டு பெண்கள்கூட, ஃபாக்லண்ட் அரண்மனைக்குள் போயிருக்கலாமே என்றுதான் கேட்டார்கள். பதினாறு பேர் வண்டியில் ஏழெட்டுப் பேர் இப்படிப் பேசினோம். இறங்கும்போது நீங்கள் கொடுத்த கருத்துத் தாளில் "வண்டி வசதியாக இருந்ததா", "ஓட்டுநர் இனிமையாகப் பழகினாரா" என்று மட்டும் கேட்டிருந்தது. ஊர்களைப் பார்க்க நேரம் போதுமா என்ற கேள்வியே அதில் இல்லை. எங்களைக் கேட்காமலே எங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். ஜூன் மாதத்தில் இங்கே ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. நாங்கள் ஐந்தே முக்காலுக்கு எடின்பரோவில் இறக்கிவிடப்பட்டோம்.

இரண்டு வாரம் கழித்து அப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு நான் திரும்பப் போனேன். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது. லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடித்தோம். சவுத் ஸ்ட்ரீட்டில் பழைய டொமினிக்கன் துறவிகளின் சிற்றாலயம் சின்ன இடிபாடாக நிற்கிறது. அதற்குப் பின்னால் மதராஸ் கல்லூரிக் கட்டடம். பள்ளி 2021-இல் ஊர் ஓரத்துப் புது வளாகத்துக்குப் போய்விட்டது. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது நாயைக் கூட்டிக்கொண்டு போன வயதான பெண்மணி ஒருவர் நின்றார். அந்தப் பள்ளியில் படித்தவராம். பெல் என்ற பெயர் தெரியும், மதராஸ் இந்தியாவில் இருக்கிறது என்று தெரியும், மணலில் எழுதின கதை தெரியாது என்றார். அப்பா தன் நாலு வாக்கியத்தைச் சொன்னார். அது நாற்பது வாக்கியமாக வளர்ந்தது. சட்டாம்பிள்ளை என்ற சொல்லை அந்த அம்மாள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். உங்கள் கம்பளிக் கடையில் நாங்கள் நின்ற நேரத்தில் பாதி.

அம்மா அதைப் பார்க்கவில்லை. அவளால் அந்தப் பயணம் முடியாது. அவளுக்காகத்தான் உங்களிடம் சீட்டு வாங்கியிருந்தேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான்.

டன்ஃபெர்ம்லினை எடுக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். இருபது நிமிடத்தை ஒரு மணி நேரமாக ஆக்குங்கள். நேரம் போதாது என்றால் ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஐந்து இடத்தை எட்டிப் பார்ப்பதைவிட மூன்று இடத்தை நிதானமாகப் பார்க்க நாங்கள் அதே கட்டணம் கொடுப்போம். தொடர் எடுத்த இடங்களுக்குத் தனிச் சுற்றுலா நடத்துங்கள், விரும்புகிறவர்கள் அதில் வரட்டும்.

ஒலிப்பதிவுத் திட்டத்தைக் கைவிட்டு, ஓட்டுநர் ஒருவர், எங்களோடு இறங்கி நடக்கும் வழிகாட்டி ஒருவர் என்று இரண்டு பேரை அனுப்புங்கள். ஸ்காட்லாந்தில் முறையாகப் பயிற்சி பெற்று ப்ளூ பேட்ஜ் வாங்கிய வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் அவர்களை வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் கூடும் என்றால் கூட்டுங்கள், ஏன் என்று சொல்லிவிட்டுக் கூட்டுங்கள்.

விளம்பரத்தில் ஒவ்வொரு இடத்துக்கு எதிரிலும் எத்தனை நிமிடம், உள்ளே போகிறோமா வெளியிலிருந்து பார்க்கிறோமா, நுழைவுச் சீட்டு யார் பொறுப்பு, எவ்வளவு நடை, எத்தனை படி, கழிப்பறை எங்கே என்று அச்சிடுங்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். கடை நிறுத்தம் இருந்தால் அதையும் முன்கூட்டியே போடுங்கள். போடாத நிறுத்தத்துக்காக ஊரின் நேரத்தை வெட்டாதீர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் நீங்களே எழுதிய இரண்டு மணி நேரத்தையாவது கொடுங்கள்.

பயணிகள் முன்கூட்டியே எழுதிக் கேட்பதை வழிகாட்டியின் கையில் காகிதமாகக் கொடுங்கள். கருத்துத் தாளில் நேரம் போதுமா, சொன்னது புரிந்ததா என்ற இரண்டு கேள்விகளைச் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. சவுத் ஸ்ட்ரீட் வழியாகப் போகும்போது மதராஸ் கல்லூரியின் முன்னால் ஐந்து நிமிடம் நிறுத்தி, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சரியாகச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதி ஆங்கிலக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். எழுதியவர் என் அப்பா. வழிகாட்டிகளுக்குப் பயன்படுத்த அவர் முழு அனுமதி கொடுத்திருக்கிறார், திருத்தம் இருந்தால் சொல்லச் சொன்னார்.

அப்பா அம்மா செப்டம்பர் கடைசி வரை இங்கே இருக்கிறார்கள். அதற்குள் இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று எழுதித் தெரிவியுங்கள். டன்ஃபெர்ம்லின் வழியில் இருக்கிறது, அம்மா செயின்ட் ஆண்ட்ரூஸில் இரண்டு மணி நேரம் இருக்க முடியும் என்றால், மூன்று சீட்டை முழு விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எடின்பரோவில் வசிக்கும் உங்கள் பயணி ஒருவன்